வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில்: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ஐந்து நாட்கள்

முதலாம் நாள்: புளியந்தீவு

இரவு ரயிலில் வந்து இறங்கிய களைப்பு தீரும் முன்பே கோட்டைக்குப் போய்விட்டேன். வெயில் ஏறினால் அந்தக் கல்மதிலின் பக்கத்தில் நிற்க முடியாது என்று கல்லடியில் இருக்கும் பெரியம்மா எச்சரித்திருந்தார். ஒன்பது மணிக்கே அவர் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய இந்தக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த செய்திதான். எனக்கு வேண்டியிருந்தது வேறு. கட்டட வரைஞனாக இருபது ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், ஒரு கட்டடம் தன்னிடம் வருகிறவனை எந்த இடத்தில் நிறுத்துகிறது, எங்கே அமரவிடுகிறது, எங்கிருந்து உள்ளே விடுகிறது என்பதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன். அப்படிப் பார்க்கத் தொடங்குகிறவனுக்குக் கோட்டையைப்போல வெளிப்படையான கட்டடம் வேறில்லை. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி, நான்கு மூலைகளிலும் கொத்தளம். கொத்தளத்தை ஏன் மதிலுக்கு வெளியே தள்ளி முக்கோண மூக்காகக் கட்டினார்கள் என்பது அதன் மேல் ஏறி நின்றால் விளங்கும். ஒரு கொத்தளத்தில் நிற்பவனுக்கு அடுத்த கொத்தளம் வரைக்கும் மதிலின் அடிப்பகுதி முழுவதும் தெரிகிறது. எதிரி ஒதுங்கி நிற்பதற்கு ஒரு குருட்டு மூலைகூட மிச்சமில்லை. அதாவது, சுவருக்கு வெளியே சுவரை ஒட்டியிருக்கும் அந்த நான்கைந்து அடி நிலம், வீடுகளில் நிழலும் பேச்சும் கிழவர்களின் தூக்கமும் இருக்கும் அதே நிலம், இங்கே ஆளைச் சுடுவதற்காகத் துப்புரவாக்கப்பட்டிருக்கிறது.

ஆனாலும் மாவட்டச் செயலகம், நம்முடைய பேச்சில் கச்சேரி, நெடுங்காலம் இதற்குள்தான் இயங்கியது. ஒரு கையெழுத்துக்காக வந்து அரை நாள் காத்திருந்ததைப் பற்றிப் பெரியம்மாவுக்கு நிறைய ஞாபகம் உண்டு. எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "வாசல் கூட்டுக்குள்ளதான் மகன். அதுக்குள்ள மட்டும்தானே காத்து வாற" என்றார். இன்று நானும் அங்கேதான் நின்றேன். மதிலின் முழுத் தடிப்பையும் துளைத்துக்கொண்டு போகும் அந்த இருண்ட வளைவு, வாவிக் காற்றை ஒரு குழாயைப்போல உள்ளே இழுக்கிறது. நுழைவதைத் தடுக்கக் கட்டிய வாசலை, காத்திருக்கும் மனிதர்கள் தங்கள் விறாந்தையாக்கிக்கொண்டார்கள்.

இங்கே இன்னோர் ஒல்லாந்தரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கட்டடக் கலைஞரான ஆல்டோ வான் எய்க் 1918இல் பிறந்தவர். 1950களில் தம் காலத்துக் கட்டடக் கலைஞர்களோடு அவர் விடாமல் வாதிட்டது கதவைப் பற்றி. கதவை வெறும் கோடாக வரையாதீர்கள், அதுவும் ஓர் இடம். உள்ளும் வெளியும் ஒன்றையொன்று சந்திக்கும் அந்த நடுவிடத்தில்தான் மனிதன் வருகிறான், விடைபெறுகிறான், தயங்குகிறான். தயங்குவதற்கு இடமில்லாத கட்டடம் அவனைத் தள்ளிவிடுகிறது என்பது அவருடைய கட்சி. ஆம்ஸ்டர்டாமில் 1960இல் முடிந்த அவருடைய சிறுவர் இல்லத்தில், தெருவிலிருந்து படுக்கை வரைக்கும் ஒரு பிள்ளை பல சிறு நடுவிடங்களைக் கடந்துதான் போகும். முந்நூற்றுச் சொச்ச ஆண்டுகளுக்கு முன் அவருடைய நாட்டவர்கள் நம் வாவிக்கரையில் விட்டுப்போன பாடத்துக்கு நேர் எதிர்ப்பாடம் அது.

இரண்டாம் நாள்: கல்லடி

காலையில் பழைய பாலம். 1928இல் கட்டப்பட்டு, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைப் பெற்ற இரும்புப் பாலம். பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலம். மோட்டார் சைக்கிளில் புதியதைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கடந்தோம் என்ற எண்ணம்கூட வராது. பழையதில் நடந்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், கம்பியில் சாய்ந்திருந்த இடத்தைவிட்டு நகராமலே எனக்கு வழிவிட்டார். அவருடைய முழங்கை படும் இடத்தில் மட்டும் இரும்பு துருவில்லாமல் பளபளத்தது.

ஜெர்மன் மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர் 1951இல் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டடக் கலைஞர்கள் முன் பேசியபோது, ஏற்கெனவே இருக்கும் இரண்டு கரைகளைப் பாலம் வந்து இணைப்பதில்லை, பாலம் வந்த பிறகுதான் கரைகள் எதிரெதிர்க் கரைகளாகின்றன என்றார். சற்றுப் பூடகமான பேச்சுத்தான். வாகனங்கள் ஒரு பக்கத்திலிருந்து போகும்போது மறு பக்கத்தில் காத்துநிற்க வேண்டியிருந்த காலத்தில் இந்தப் பாலத்தில் நின்றவர்களுக்கு அது பூடகமாகப் பட்டிருக்காது.

மாலையில் கடற்கரைத் திருச்செந்தூர் முருகன் கோயில். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்துபோன பின் அதன் கோபுரம் சாய்ந்துவிட்டது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் தங்கள் தலையைச் சற்றுச் சரித்துப் பார்க்கிறார்கள். கோபுரத்தைத் தங்கள் கழுத்தால் நிமிர்த்திவிட முயல்வதைப்போல. கட்டடத்தைக் கண்ணால்தான் பார்க்கிறோம் என்று நினைக்கிறவர்கள் இங்கே வந்து பத்து நிமிடம் நின்று ஆட்களைப் பார்க்க வேண்டும். என் உள்ளங்காலும் மணலை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் சற்றுப் பிந்தித்தான் கவனித்தேன்.

இந்தக் கரையோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. அதைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்: மண்டூர்

களுவாஞ்சிகுடி வரைக்கும் பஸ், அங்கிருந்து குருமண்வெளித் துறை. வாவியைக் கடக்கப் 'பாதை'. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல் விளக்கம்: மட்டக்களப்பில் பாதை என்றால் தெருவும்தான், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதப்புத் தளமும்தான். இந்தச் சொல்லை யார் முதலில் வைத்தாரோ, அவருக்கு இடத்தைப் பற்றிய நுண்ணுணர்வு நிறைய இருந்திருக்க வேண்டும். பாதை நகரத் தொடங்கியதும் பேச்சு தானாகக் குறைந்துவிட்டது. தேங்காய், பூ, வாழைப்பழச் சீப்போடு வந்த ஒரு குடும்பத்தில் சிறு பெண்பிள்ளை தண்ணீரைத் தொடக் குனிந்தபோது, தாய் அவளுடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாரே தவிர, இழுக்கவில்லை. அக்கரையில் இறங்கியபோது எல்லோருமே கோயிலுக்கு வந்த முகத்தோடு இருந்தோம். வாவியே முதல் மண்டபமாக இருந்துவிட்டது.

மண்டூர் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தில் போலவே இங்கேயும் பூசை வாய்கட்டிச் செய்வது. மூலத்தானத்தை மறைத்துத் திரை தொங்கும். அதன் முன்தான் வழிபாடு. ஆகமக் கோயில்களில் வெளிவீதியிலிருந்து உள்ளே போகப் போக இடம் ஒடுங்கும், ஒளி மங்கும், கூரை தாழும். முடிவில் ஒரு சிறு விளக்கின் ஒளியில் மூர்த்தி தெரியும். நடப்பவனின் உடலைக் கொண்டு ஒழுங்கமைத்த கட்டடக்கலை அது. இங்கே அந்தக் கடைசிப் படி மட்டும் தரப்படுவதில்லை. கண் திரையில் வந்து முட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு வேலை இல்லாததால் காது திறக்கிறது: மணி, வாய்கட்டிய பூசையின் மௌனம், பின்னால் நிற்பவரின் மூச்சு. படமெடுத்துக் காட்ட முடியாத ஒரு கட்டடத்தைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதுவதில் உள்ள சிரமத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பும்போது பாதை அக்கரையில் நின்றதால், துறையில் ஒரு தகரக் கொட்டிலின் கீழ் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. நான்கு பேர் நிற்கத்தான் இடம். ஆறு பேர் நின்றோம். அப்போது திருக்கோவலூர் இடைகழி ஞாபகம் வந்தது. முதலாழ்வார்களான பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும், வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறு நடையில் மழைக்கு ஒதுங்கிய கதை. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அந்த இடத்துக்கு அளவு சொல்வார்கள். அடியும் அங்குலமும் இல்லை. எத்தனை உடல், எந்த நிலையில் என்பதுதான் அளவு. வான் எய்க் தம் நடுவிடத்துக்குச் சொல் தேடி அலைந்த காலத்துக்கு எவ்வளவோ முன்பே நம்மிடம் இடைகழி என்ற சொல்லும் இருந்தது, அதை அளக்கும் முறையும் இருந்தது. கட்டடம் வரையப் படிக்கப்போன இடத்தில் எனக்கு இந்தச் சொல்லை யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள்: கல்முனைப் பக்கம்

தெற்கே போகும் வழியில், பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கமாக விலகியிருந்த ஒரு கண்ணகை அம்மன் கோயிலில் இறங்கினேன். பூட்டியிருந்தது. காரணம் கேட்கத் தேவையில்லை. செட்டிபாளையம், காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் என்று இந்தக் கரை நெடுகிலும் கண்ணகை அம்மனுக்குக் கோயில்கள் இருக்கின்றன. வைகாசித் திங்களில் கதவு திறந்து, வழக்குரை பாடி, பூரணையை ஒட்டிக் குளிர்த்தியோடு சடங்கு நிறைவது இவற்றின் மரபு. மதுரையை எரித்தவளின் வெம்மை தணியப் பாடுவது குளிர்த்தி. அது முடிந்து அடைக்கும் கதவு அடுத்த வைகாசி வரைக்கும் திறக்காத கோயில்கள் இவற்றிடையே பல.

ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் கட்டடத்தைக் கட்டடக்கலை நூல்கள் எந்தக் கணக்கில் சேர்க்கும் என்று தெரியவில்லை. உறுதி, பயன், அழகு என்ற மூன்றையும் ஒரு கட்டடத்தில் தேட வேண்டும் என்று ரோமானியரான விட்ருவியஸ் எழுதிவைத்ததை இன்னும் வகுப்புகளில் ஒப்புவிக்கிறோம். இங்கே பயன் எது? நான் நின்றிருந்த அரை மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். சந்தைக்குப் போகும் வழியில் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு வந்த ஒருவர், செருப்பைக் கழற்றி, பூட்டிய கதவின் முன் கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடி நின்றுவிட்டுப் போனார். அந்த இடத்தில் நிலம் கரிபிடித்துக் கறுத்து, சற்றுக் குழிந்துமிருந்தது. கதவின் கீழ்ப்பலகையில் திருநீறும் எண்ணெயும் படிந்து மரமே தெரியவில்லை. திறந்திருக்கும் கதவுக்கு இந்தத் தோல் வராது.

மாலையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் ஆண்டகையின் பெயரில் ஆண்டுதோறும் கொடியேறும் இடம். என்னோடு வந்த நண்பர் தொழப் போனபோது நான் வெளியே மணலில் இருந்தேன். பள்ளியைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்று மனத்தில் நிற்கிறது. சிறு வயதில் அவருடைய ஊர்ப் பள்ளியில் ஹவுழின், அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியின், தண்ணீரில் கால் நனையும்போதே தொழுகை தொடங்கிவிட்டதாக நினைப்பாராம். குழாய்களை வரிசையாகப் போட்ட பிறகு அந்த எண்ணம் வருவதில்லையாம். தண்ணீர் அதே தண்ணீர்தான். குனிந்து, அருகில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, ஒரே தொட்டியைச் சுற்றியிருந்து கழுவிய அந்த இடம் போய்விட்டது.

ஐந்தாம் நாள்: பெயர் சொல்லாத ஓர் ஊர்

கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் ஓர் ஊர். பெயரைத் தவிர்ப்பதற்குக் காரணம் அந்த ஊர் அல்ல, நான்.

2005ஆம் ஆண்டு, கடல்கோளுக்குப் பின் வீடு கட்டிக்கொடுத்த ஒரு நிறுவனத்தில் நான் வரைஞனாக இருந்தேன். வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அப்போது அரசு வரையறுத்திருந்ததால், கரையில் வாழ்ந்தவர்களுக்கு உள்ளே தள்ளிக் காணி கொடுத்தார்கள். வீடு ஒன்றுக்கு 500 சதுர அடி. நான் முதலில் கீறிய படத்தில் முன்பக்கம் முழுவதும் ஏழு அடி அகல விறாந்தை இருந்தது. விறாந்தையும் 500க்குள் அடங்க வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, ஒவ்வோர் அடி விறாந்தைக்கும் ஓர் அடி அறை குறைந்தது. இரண்டு அறை, ஒரு மண்டபம், உள்ளே குசினி என்று பட்டியல் கேட்டது. விறாந்தைக்குப் பட்டியலில் வரிசை இல்லை. "இதனால் என்ன பயன்?" என்று எனக்கு மேலிருந்தவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதைவிட, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்பதே தெரியவில்லை. அழித்தேன். வாசலுக்கு மேல் மழை தடுக்க மூன்று அடிக்கு ஒரு சீமெந்துத் தட்டு மட்டும் நீட்டினேன்.

இன்று அந்த ஒழுங்கையில் நடந்தபோது, நான் கீறியபடியே இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தது. மற்ற எல்லாவற்றிலும் முன்னால் பத்தி இறக்கியிருந்தார்கள்: சிலதில் தகரம், சிலதில் சீற், வசதியுள்ளவர்கள் ஓடு. என் மூன்று அடித் தட்டு, புதிய கூரைக்குக் கீழே, குடைக்குள் தொப்பி போட்டவனைப்போல, ஒன்றுக்கும் உதவாமல் நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு வீட்டில் அதன் மேல் பழைய சைக்கிள் டயர் ஒன்றும் மீன்பறி ஒன்றும் கிடந்தன.

அந்த வீட்டுக்காரர்தான் "வாங்க தம்பி, இரிங்க" என்று கூப்பிட்டார். அறுபது வயதை நெருங்கும் பெண். விறாந்தையைச் சுற்றி இடுப்பளவு அரைச்சுவர், அதன் உள்பக்கம் நீளக் குந்து. குந்தில் இருந்தால் ஒழுங்கை முழுவதும் தெரிகிறது. ஒழுங்கையில் போகிறவருக்கு நம் தலை மட்டும்தான் தெரியும். தன்னை மறைத்துக்கொண்டு வெளியைப் பார்க்கக் கூடிய இடத்தையே மனிதன் இயல்பாக விரும்புகிறான் என்று ஜே ஆப்பிள்ட்டன் என்ற பிரித்தானியப் புவியியலாளர் 1975இல் ஒரு கோட்பாடு வைத்தார். இந்த அரைச்சுவரைக் கட்டிய மேசனுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேலியோரம் யாரோ நடந்தபோது, அக்கா எழும்பாமலே பேரைச் சொல்லி, சந்தையில் இன்று என்ன மீன் என்று விசாரித்தார். வீட்டுக்குள் இருந்து அதைக் கேட்க முடியாது. தெருவில் இறங்கிக் கேட்டால் அது வேறு மாதிரிப் பேச்சு.

தேத்தண்ணி கொண்டுவரப் போனவர் நான் கீறிய குசினிக்குள் போகவில்லை. அதில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பின்புறம் கிடுகு வேய்ந்த ஒரு தனிக் குசினி, விறகடுப்போடு. உள்ளே அடுப்பு மூட்டினால் புகை அறைக்குள் நின்றுவிட்டது என்று ஒரு வருடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டார்களாம். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒருவரையும் கேட்காமல் கீறியவன் அங்கே தேத்தண்ணிக்காகக் காத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மறைப்பது சரியில்லை என்று பட்டதால், இந்த வீடுகளின் படத்தைக் கீறியது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்களா தம்பி கீறின?" என்று ஒருமுறை என்னையும் ஒருமுறை அந்தத் தட்டையும் பார்த்தார். "சுவர் நல்ல சுவர். மழை ஒழுகல்ல." பிறகு சற்று யோசித்து, "மறுகா என்ன, சின்னவளுக்கும் ஒண்டு கட்டணும். வந்ததுக்கு அதையும் கீறித் தாங்களன்" என்றார்.

இந்தப் பகுதியின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. இங்கே வீடு பெண்ணுடையது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அப்படித்தான். மூத்தவளுக்குக் கலியாணம் பேசினால் இருக்கிற வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பக்கத்தில் ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அதே வளவில் அல்லது அருகில் இன்னொன்று எழும்பும். அக்காவின் முன்வீடு இப்போது மூத்த மகளுடையது. அவரும் கணவரும் இருப்பது பின்னால் இறக்கிய ஒரு பத்தியில். 'ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு' என்று நாங்கள் 2005இல் கணக்கெழுதிய காணியில், அவர்கள் அன்றைக்கே அடுத்த வீட்டுக்கான இடத்தை மனத்தில் ஒதுக்கிவைத்திருந்திருக்கிறார்கள். வளவின் ஒரு பக்கத்தில் தென்னை நடாமல் விட்டிருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குறிப்பேட்டை எடுத்தேன். எத்தனை அறை வேண்டும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் முற்றத்தில் இறங்கி, ஓர் ஈர்க்கை முறித்து, மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு அந்தக் கோட்டிலிருந்து அடிமேல் அடி வைத்து வெளிப்பக்கமாக அளந்துகொண்டு வந்தார். ஏழாவது அடியில் நின்று, அரைச்சுவரின் ஓரத்தில் சாய்ந்திருந்த கணவரைப் பார்த்தார்.

"இவர் நீட்டி நிமிந்து படுக்கணும். மழை நாளையில ரெண்டு பேர் தாண்டிப் போகவும் வேணும்."

கணவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்து, கோட்டுக்கும் அந்த ஏழாவது அடிக்கும் நடுவில் மணலில் படுத்துக் காட்டினார். கால் வெளியே போயிற்று. அக்கா இன்னும் ஓர் அடி வைத்தார். குறிப்பேட்டில் 'எட்டு அடி' என்று எழுதிக்கொண்டு, அறைகளைப் பற்றிக் கேட்டேன்.